திருக்கடையூருக்கு நாள் குறிப்பதற்கு முன் மருமகளின் பாஸ்போர்ட்டைப் பாருங்கள்

கேள்வி: என் கணவருக்கு வரும் ஆவணியில் 70 நிறைகிறது. திருக்கடையூரில் பீமரத சாந்தி செய்ய ஆசை. மகன் 2014 முதல் டெக்ஸஸில் எச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கிறான். கிரீன் கார்டுக்கு இபி-2 என்ற வேலைவாய்ப்புப் பிரிவில் 2017 மார்ச் தேதியுடன் வரிசையில் நிற்கிறான். மருமகள் எச்-4 (எச்-1பி-காரரின் குடும்பத்துக்கான விசா), இஏடி என்ற வேலை அனுமதி கார்டு வைத்து வேலைக்குப் போகிறாள். சென்னையில் பிறந்த பேத்திக்கு 17 வயது, அவளும் எச்-4. பேரன் 2019-இல் அங்கேயே பிறந்தவன். எல்லோருடைய விசா ஸ்டாம்பும் 2024-இலேயே முடிந்துவிட்டது. ஆனால் 2027 நவம்பர் வரை அனுமதி இருக்கிறது என்கிறான். மருமகளின் பாஸ்போர்ட் மட்டும் 2027 பிப்ரவரி 14-இல் முடிகிறது. தினம் ஒரு சட்டம் மாறுகிறது, 1 லட்சம் டாலர் கட்ட வேண்டும், வந்தால் திரும்பிப் போக முடியாது என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். அவர்களை வரச் சொல்லலாமா? பேத்திக்கு 21 ஆனால் வெளியே அனுப்பிவிடுவார்களா?
— ஒரு வாசகி, நங்கநல்லூர்

பதில்:

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தில் ஐந்தாறு பயங்கள் கலந்து கிடக்கின்றன. சிலவற்றை இப்போதே தூக்கிப் போட்டுவிடலாம். சிலவற்றை நீங்கள் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே கவனிக்க வேண்டும்.

முதலில் பேரன். பிறப்பால் கிடைக்கும் குடியுரிமையைக் கட்டுப்படுத்தும் ஆணை 2025 ஜனவரி 20-இல் வந்தது. அந்தத் தேதிக்கு 30 நாள் கழித்துப் பிறக்கும் குழந்தைகளுக்கு மட்டும்தான் பொருந்தும் என்று அந்த ஆணையே சொல்கிறது. உடனே வழக்குகள் பாய்ந்து, நீதிமன்றங்கள் அதை நடைமுறைக்கு வராமல் தடுத்தன. வழக்கு எப்படிப் போனாலும் 2019-இல் பிறந்தவனை அந்த ஆணை தொடாது. அவன் அமெரிக்கக் குடிமகன். இந்தியா வர அவனுக்குத் தேவை இந்திய விசா, அல்லது வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை. அவனுக்குப் புதிய பாஸ்போர்ட் எடுத்திருந்தால் அதையும் புதுப் புகைப்படத்தையும் ஓசிஐ இணையதளத்தில் பதிவேற்றியாகிவிட்டதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

அடுத்தது 1 லட்சம் டாலர். 2025 செப்டம்பர் 21 முதல் தாக்கலாகும் புதிய எச்-1பி மனுக்களுக்கு, அதுவும் அமெரிக்காவுக்கு வெளியே, கையில் செல்லுபடியாகும் எச்-1பி விசா இல்லாமல் இருப்பவர்களுக்காக, வேலை கொடுக்கும் நிறுவனம் கட்ட வேண்டிய தொகை அது. உள்ளேயே இருந்து நீட்டிப்பு வாங்குகிறவருக்கும், உள்ளே இருந்தபடி வேறு நிறுவனத்துக்கு மாறுகிறவருக்கும் கிடையாது என்று 2025 அக்டோபர் 20-இல் குடிவரவுத் துறை விளக்கம் கொடுத்தது. ஆகவே இப்போது உங்கள் மகனுக்கு அது இல்லை. ஒரே ஒரு சூழ்நிலையில் மட்டும் அவர் தலையில் வந்து விழக்கூடும். அதைக் கீழே சொல்கிறேன்.

உங்கள் உறவினர்கள் போட்டுக் குழப்புவது மூன்று வெவ்வேறு காகிதங்களை. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா ஸ்டாம்ப், வாசல் கதவைத் திறக்கும் சாவி. உள்ளே போன பிறகு அது காலாவதியானால் ஒன்றும் ஆகாது. 2024-இல் ஸ்டாம்ப் முடிந்தும் அவர்கள் சட்டப்படியே இருப்பது அதனால்தான். நிறுவனத்தின் மனு அங்கீகரிக்கப்பட்டதற்கான சீட்டு ஐ-797. மூன்றாவது ஐ-94. யார், என்று வரை தங்கலாம் என்று முடிவு செய்வது இதுதான். இதில் ஒரு பொறி இருக்கிறது. வெளிநாடு போய்த் திரும்பும்போது விமான நிலையத்தில் புதிய ஐ-94 உருவாகும். பாஸ்போர்ட் முன்னதாக முடிந்தால், அதிகாரி ஐ-797-இல் உள்ள தேதியைக் கொடுக்க மாட்டார், பாஸ்போர்ட் முடியும் தேதியைத்தான் கொடுப்பார்.

உங்கள் மருமகள் விஷயத்துக்கு இதை வைத்துப் பாருங்கள். ஆவணியில் வந்து, ஸ்டாம்ப் வாங்கி, செப்டம்பரில் திரும்பிப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மகனுக்கு 2027 நவம்பர் வரை. மருமகளுக்கு 2027 பிப்ரவரி 14. இப்போது ஐ-94 காகிதமாகக் கையில் தரப்படுவதில்லை, இணையதளத்தில் நாமே இறக்கிக்கொள்ள வேண்டும். அதனால் பல குடும்பங்கள் அதைப் பார்ப்பதே இல்லை. நடுவில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் ஐ-94 தானாக நீண்டுவிடும் என்றும் நினைத்துக்கொள்கிறார்கள். நீளாது. பிப்ரவரி 15 முதல் அவர் அந்தஸ்து இல்லாமல் இருக்கிறார் என்றுதான் கணக்கு. இஏடி கார்டில் வேறு தேதி அச்சாகியிருந்தாலும் எச்-4 அந்தஸ்து போன பிறகு செய்யும் வேலை சிக்கலில்தான் முடியும். ஆகஸ்ட் 13-உடன் 180 நாள். அதையும் தாண்டிய பிறகு நாட்டை விட்டு வெளியே வந்தால் 3 ஆண்டுத் தடை, ஓராண்டு தாண்டினால் 10 ஆண்டுத் தடை. நவம்பர் நீட்டிப்புக்கு வழக்கறிஞர் காகிதம் கேட்கும்போதுதான் பெரும்பாலும் இது வெளியே வரும். அதற்குள் தடைக்கான கணக்கு முடிந்திருக்கும்.

தப்பிக்கும் வழி சுலபமானது. இந்திய பாஸ்போர்ட்டை முடிவதற்கு ஓராண்டு முன்பே புதுப்பிக்கலாம். பயணத்துக்கு முன்னால், அங்குள்ள இந்தியத் தூதரக விண்ணப்ப மையத்திலேயே புதுப்பித்துக்கொள்ளட்டும். சென்னைக்கு வந்து சாலிகிராமத்திலோ தாம்பரத்திலோ பார்த்துக்கொள்ளலாம் என்று விட வேண்டாம். போலீஸ் விசாரணை வந்தால் விசா நேர்காணல் தேதியோடு மோதும். இன்னொன்று, புதுப்பிக்கும்போது பெயரில் கை வைக்கக் கூடாது. இனிஷியலை விரித்து எழுதுவது, கணவர் பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்ப்பது எல்லாம் நம் வீடுகளில் பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போதுதான் ஞாபகத்துக்கு வரும். ஐ-797, இஏடி, ஓட்டுநர் உரிமம், சோஷியல் செக்யூரிட்டி எல்லாம் பழைய பெயரில் இருக்க, பாஸ்போர்ட் மட்டும் புதுப் பெயரில் வந்தால் ஒவ்வொரு கவுன்ட்டரிலும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பேத்தியின் பாஸ்போர்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுவர்களுக்குப் பொதுவாக 5 ஆண்டுதான் தருவார்கள், இல்லையென்றால் 18 வயது வரை. அவளுக்கும் இதே பொறி காத்திருக்கலாம்.

இனி ஸ்டாம்பிங். ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் முன்பு பலருக்கு நேர்காணல் இல்லாமலே, டிராப்பாக்ஸ் வழியாகப் புதுப்பிப்பு நடந்தது. 2025 செப்டம்பர் 2 முதல் எச்-1பி, எச்-4 விசாவுக்கு அந்தச் சலுகை இல்லை. எல்லோரும் நேரில் போக வேண்டும், 14 வயதுக்குக் குறைந்த குழந்தைகள் உட்பட. அதே செப்டம்பரில், சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். போகிற வழியில் சிங்கப்பூரில் ஸ்டாம்ப் வாங்கிக்கொள்ளும் பழைய யோசனையை மறந்துவிடுங்கள். பிறகு 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகளையும் பரிசீலிக்க ஆரம்பித்தார்கள். ஒரு நாளைக்குப் பார்க்கக்கூடிய விண்ணப்பங்கள் குறைந்து, டிசம்பரில் சென்னையிலும் மற்ற ஊர்களிலும் கொடுத்திருந்த நேர்காணல் தேதிகள் மார்ச்சுக்கும் அதற்கு அப்பாலும் தள்ளிப்போயின. மூன்று வார லீவில் வந்தவர்கள் மாதக்கணக்கில் இங்கே மாட்டிக்கொண்டார்கள். உங்கள் உறவினர்கள் சொல்வது இதைத்தான். முழுப் பொய்யல்ல. ஆனால் அவர்கள் மாட்டிக்கொண்டது சட்டம் அவர்களை வெளியேற்றியதால் அல்ல, கையில் சாவி இல்லாமல் வாசலைத் தாண்டியதால்.

வருவது என்று முடிவானால் சில விஷயங்களில் கறாராக இருங்கள். டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம் மூன்று பேருக்கும் தனித்தனி, கட்டணமும் ஆளுக்கு 205 டாலர். அப்பாயின்ட்மென்டில் பதிவு செய்த டிஎஸ்-160 எண்ணும் கையில் கொண்டுபோகும் படிவத்தின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். திருத்தம் செய்து புதுப் படிவம் போட்டுவிட்டு, அப்பாயின்ட்மென்டில் எண்ணை மாற்ற மறப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. கடந்த 5 ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளை எல்லாம் எழுத வேண்டும், நேர்காணலுக்கு முன் அவற்றைப் பொதுப் பார்வைக்குத் திறந்து வைக்க வேண்டும். மகனும் மருமகளும் யோசித்து எழுதிவிடுவார்கள். விட்டுப்போவது பேத்தியின் இரண்டாவது இன்ஸ்டாகிராம் கணக்கு, பள்ளித் தோழிகளுக்கு மட்டும் தெரிந்தது. அதைப் பற்றி வீட்டில் சண்டை வேண்டாம், படிவத்தில் வந்தால் போதும். பயத்தில் கணக்கை அழிப்பது மோசமான யோசனை. அழித்ததும் படிவத்தில் மறைத்ததும் சேர்ந்து, ஒன்றுமில்லாத விஷயத்தைச் சந்தேகமாக்கிவிடும்.

நேர்காணல் தேதி (ஸ்லாட்) பிடித்துத் தருகிறேன் என்று பணம் கேட்கும் ஏஜென்ட்டுகளிடம் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். 2025 மார்ச்சில் தானியங்கி நிரல்கள் மூலம் எடுக்கப்பட்ட சுமார் 2,000 அப்பாயின்ட்மென்ட்களைத் தூதரகம் ஒரேயடியாக ரத்து செய்து, அந்தக் கணக்குகளையும் முடக்கியது. முடங்குவது ஏஜென்ட்டின் கணக்கு அல்ல, உங்கள் மகனுடையது.

நேர்காணல் நல்லபடியாக முடிந்தாலும் கூட, 221(ஜி) என்ற சீட்டைக் கொடுத்து, பரிசீலனையில் இருக்கிறது என்று அனுப்பலாம். அது இறுதியான மறுப்பு அல்ல, ஆனால் அதற்குக் காலக்கெடு கிடையாது. ஒரு வாரமும் ஆகலாம், பல மாதமும் ஆகலாம்.

அந்த 1 லட்சம் டாலர் உள்ளே நுழையும் இடம் இதுதான். அமெரிக்காவில் இருக்கும்போது வேலை போனால், உங்கள் மகனுக்கு 60 நாள் வரை அவகாசம் உண்டு. அதற்குள் வேறு நிறுவனம் மனு தாக்கல் செய்துவிட்டால் போதும், அந்தத் தொகை இல்லை. நங்கநல்லூரில் ஸ்டாம்புக்காகக் காத்திருக்கும்போது வேலை போனால்? 60 நாள் அவகாசம் உள்ளே இருப்பவர்களுக்குத்தான். அவரிடம் செல்லுபடியாகும் விசாவும் இல்லை. புதிய நிறுவனம் இங்கிருந்து அவரை அழைக்க மனு போட்டால், அந்த ஆணை அமலில் இருக்கும்வரை 1 லட்சம் டாலர் கட்டித்தான் அழைக்க முடியும். எந்த நிறுவனம் கட்டும்? 12 மாதத்துக்கு என்று போட்ட ஆணை அது, நீட்டிக்கவும் அதில் இடம் இருக்கிறது.

ஆகவே என் கருத்து: நால்வரும் சேர்ந்து வருவதை இந்த ஆவணியில் தவிர்ப்பது நல்லது. மகனுடைய நிறுவனம், ஸ்டாம்ப் தாமதமானால் இத்தனை வாரம் சென்னையிலிருந்தே வேலை செய்யலாம் என்று எழுத்தில் கொடுத்து, நேர்காணல் தேதியும் உறுதியாகி, அவருடைய வேலை பற்றிக் கவலையும் இல்லை என்றால் மட்டும் வரச் சொல்லலாம். வாய்மொழியாக மேனேஜர் சொன்னது போதாது. மேனேஜருக்குச் சம்மதம் என்றாலும், வரி காரணமாகவோ தகவல் பாதுகாப்புக் காரணமாகவோ மனிதவளத் துறை மறுப்பது உண்டு. வருவதாக இருந்தால் முதலில் ஸ்டாம்பிங், பிறகு திருக்கடையூர். பலரும் விசேஷத்தை முடித்துவிட்டு, ஊருக்குத் திரும்பும் கடைசி வாரத்தில் நேர்காணல் வைத்துக்கொள்கிறார்கள். அது தலைகீழ்.

உங்கள் இருவருக்கும் விசிட்டர் விசா இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் நீங்கள் அங்கே போய், அங்குள்ள கோயிலில் சாந்தி ஹோமம் செய்துகொள்வது பற்றி யோசிக்கலாம். அபிராமி சந்நிதிக்கு அது ஈடாகாது என்பது தெரியும். அந்த விசா முடிந்து 12 மாதத்துக்குள் இருந்தால், முழுக் கால விசாவாக இருந்தால், நேர்காணல் இல்லாமல் புதுப்பிக்க இன்னும் வழி இருக்கிறது. 10 ஆண்டு விசா என்றால் 10 ஆண்டு தங்கலாம் என்று அர்த்தமில்லை. வழக்கமாக 6 மாதம் கொடுப்பார்கள், அதுவும் ஐ-94-இல்தான் இருக்கும்.

பேத்தி விஷயத்துக்கு வருவோம். வேறு எதையும்விட இதற்குத்தான் உங்கள் மகன் இப்போதே உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். 21-ஆவது பிறந்தநாளோடு எச்-4 முடியும். அதற்குள் கிரீன் கார்டு வரிசை அவர்களை எட்டுமா? வேலைவாய்ப்பு அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள், எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீத உச்சவரம்பு. இபி-2 இந்திய வரிசையின் இறுதி நடவடிக்கைத் தேதி, அதாவது கார்டு கொடுக்க வரிசை எட்டியிருக்கும் தேதி, 2025 முடியும்போது இன்னும் 2013-ஐத் தாண்டவில்லை. உங்கள் மகனின் தேதி 2017 மார்ச். சில மாதம் வேகமாக நகரும், சில மாதம் பின்னால் கூடப் போகும். எட்டும் என்று நம்பி மட்டும் உட்கார்ந்திருக்கக் கூடாது.

2002-இல் வந்த, குழந்தை அந்தஸ்தைக் காக்கும் சட்டம் ஒன்று உண்டு. கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் ஐ-140 மனு தாக்கலான நாளிலிருந்து அங்கீகாரம் கிடைத்த நாள் வரை எத்தனை நாளோ, அதைக் குழந்தையின் வயதில் கழித்துக்கொள்ளலாம். உதாரணமாக 2017 ஜூன் 1-இல் தாக்கல் செய்து 2018 பிப்ரவரி 1-இல் அங்கீகாரம் என்றால் 245 நாள். 21 முடிந்து 245 நாளுக்குள் வரிசை எட்டிவிட்டால் சட்டத்தின் கண்ணில் அவள் இன்னும் குழந்தைதான். வேதனை என்னவென்றால், கூடுதல் பணம் கட்டி பிரீமியம் முறையில் இரண்டு வாரத்தில் அங்கீகாரம் வாங்கியவர்களுக்குக் கழிக்க இரண்டு வாரம்தான் இருக்கும். அவசரப்பட்டு வாங்கியது பின்னால் பிள்ளைக்கு உதவாமல் போகிறது. ஐ-140-க்கு முன் வாங்க வேண்டிய லேபர் சான்றிதழுக்கு ஆன காலத்தைக் கழிக்க முடியாது. வயது உறைவது எந்த அட்டவணைப்படி என்பதும் 2025 ஆகஸ்ட் 15-இல் மாறியது. அதற்கு முன், விண்ணப்பம் எப்போது போடலாம் என்று சொல்லும் தாக்கல் தேதிகள் அட்டவணையை வைத்தே வயதைக் கணக்கிட முடிந்தது. இப்போது இறுதி நடவடிக்கைத் தேதி அட்டவணை மட்டும்தான். விண்ணப்பத்தை முன்கூட்டியே போட அனுமதி கிடைத்தாலும் வயது ஓடிக்கொண்டேதான் இருக்கும். வரிசை எட்டியதும் ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் தவறவிடக் கூடாது.

வரிசை எட்டாவிட்டால் வெளியே அனுப்பிவிடுவார்களா என்று கேட்டீர்கள். எஃப்-1 மாணவர் அந்தஸ்துக்கு மாற முடியும். அந்த மனு 21-ஆவது பிறந்தநாளுக்கு முன் தாக்கலாகியிருக்க வேண்டும். கடைசி வாரத்துக்கு விடாமல் ஆறேழு மாதம் முன்பே கல்லூரியிடம் ஐ-20 என்ற சேர்க்கைப் படிவம் வாங்கி ஆரம்பிப்பது பாதுகாப்பு. எச்-4-இல் இருக்கும்போது படிக்கலாம், வேலை செய்ய முடியாது. எஃப்-1-இல் கல்லூரி வளாகத்தில் பகுதிநேர வேலை, படிப்பு முடிந்ததும் 12 மாதப் பயிற்சி, அறிவியல் தொழில்நுட்பப் படிப்பு என்றால் மேலும் 24 மாதம் கிடைக்கும். கட்டணம் மட்டும் வெளிநாட்டு மாணவர் கணக்கில் ஏறக்கூடும். எந்தக் கல்லூரி, எந்த மாநிலம் என்று தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. அவளுக்கு 18 ஆனதும் ஐ-94 நகலைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது பழைய சட்டம், இப்போது அதைக் கண்டிப்பாகக் கேட்கிறார்கள்.

பேத்திக்காக நீங்கள் சென்னையில் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. அவளுடைய பிறப்புச் சான்றிதழை மாநகராட்சி இணையதளத்தில் எடுத்துப் பாருங்கள். பெயர் இடம் காலியாக, தாய் தகப்பன் பெயர் மட்டும் இருக்கும் சான்றிதழ்கள் ஏராளம். மருத்துவமனை பதிவு செய்தபோது பெயர் வைத்திருக்க மாட்டார்கள். கிரீன் கார்டு விண்ணப்பத்தில் இது இடிக்கும். பதிவான 15 ஆண்டுக்குள் பெயரைச் சேர்க்க வேண்டும் என்பது விதி. கடந்தவர்களுக்கு அரசு அவ்வப்போது அவகாசத்தை நீட்டித்திருக்கிறது, உங்கள் மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். முடியாவிட்டால் பள்ளிச் சான்றும் பெற்றோரின் உறுதிமொழிப் பத்திரங்களும் துணை ஆவணமாகத் தேவைப்படும். மகனின் சான்றிதழையும் அப்படியே எடுத்து வையுங்கள்.

மருமகளின் இஏடி பற்றிச் சுருக்கமாக. எச்-4 மனைவியருக்கு வேலை அனுமதி கொடுக்கும் 2015-ஆம் ஆண்டு விதியை எதிர்த்த வழக்கை 2025 அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது, ஆகவே விதி நின்றது. ஆனால் அதே மாதம் 30-ஆம் தேதி முதல், புதுப்பிக்க விண்ணப்பித்தவர்களுக்குத் தானாகக் கிடைத்துவந்த 540 நாள் நீட்டிப்பு போய்விட்டது. கார்டு முடியும் நாளில் புதியது கையில் இல்லையென்றால் வேலையை நிறுத்த வேண்டும். 180 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம். அந்த முதல் நாளிலேயே போட்டுவிட வேண்டும்.

பணம் அனுப்பினால் வரி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2026 ஜனவரி 1 முதல் 1 சதவீதம், ரொக்கமாகவோ மணி ஆர்டராகவோ கொடுத்து அனுப்பினால்தான். வங்கிக் கணக்கிலிருந்து வருவதற்கு இல்லை.

வாட்ஸ்அப்பில் வரும் அடுத்த செய்திக்கு ஒரு கேள்வி போதும்: இது முன்மொழிவா, அமலுக்கு வந்துவிட்டதா? எஃப்-1 மாணவர்களுக்கு நான்கு ஆண்டு உச்சவரம்பு என்று 2025 ஆகஸ்ட் 28-இல் வந்தது முன்மொழிவு. கருத்துக் கேட்டு, இறுதி விதி வெளியாகி, அதில் தேதி போட்டால்தான் விதி. இங்கே அன்றைக்கே சட்டமாகிவிட்டதாகப் பரவியது. எந்தத் தேதியிலிருந்து, யாருக்கு என்ற இரண்டும் இல்லாத செய்தியை உங்கள் மகனுக்கு அனுப்பி அவர் தூக்கத்தைக் கெடுக்காதீர்கள்.

மகனிடம் இன்னொன்று சொல்லுங்கள். நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் நிறுவனத்துக்காக இருப்பவர். பேத்தியின் வயதுக் கணக்கையும் பயணத்தையும் பற்றிப் பேச, அங்கே உரிமம் பெற்ற குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் சொந்தமாக ஒரு மணி நேரம் பணம் கட்டிப் பேசட்டும். போகும்போது ஐ-140-இன் ரசீதுத் தேதி, அங்கீகாரத் தேதி, நால்வரின் பாஸ்போர்ட் முடியும் தேதி, மூவரின் ஐ-94 தேதி, இஏடி தேதி எல்லாம் ஒரே தாளில் இருக்க வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அந்தத் தாளை நீங்களே எழுதிவிடலாம். திருக்கடையூர் புரோகிதரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன், ஆவணியைத் தாண்டி வேறு மாதத்தில் அதே நட்சத்திரத்தில் செய்துகொள்ள இடமுண்டா என்றும் கேட்டு வையுங்கள். ஸ்லாட் எந்த மாதம் கிடைக்கும் என்பது நம் கையில் இல்லை.